பூண்டு சாப்பிட்டால் கிருமி வாயை மூடுமா?

கேள்வி: பூண்டில் உள்ள ஏதோ ஒரு பொருள் கிருமிகள் பேசிக்கொள்வதைத் தடுக்கிறது என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். பாக்டீரியாவுக்கு ஏது வாயும் காதும்?
- வாசகி, தேனி

பதில்: மகள் சொன்னது சரிதான். வாய், காது கிடையாது, எல்லாம் ரசாயனம். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சின்ன மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நாலைந்து பேர் மட்டும் இருந்தால் அது கரைந்து காணாமல் போய்விடும். கூட்டம் சேரச் சேர அதன் அடர்த்தி ஏறி, ஓர் அளவைத் தாண்டியதும் 'ஆள் சேர்ந்தாச்சு' என்று எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். அப்புறம்தான் நச்சைக் கக்குவது, பிசின் மாதிரி படலம் கட்டி உள்ளே பதுங்குவது எல்லாம். முன்கூட்டியே தனித்தனியாக வாலாட்டினால் நம் உடம்பு தட்டி உட்கார வைத்துவிடும் இல்லையா!

முதலில் இதைக் காட்டிக்கொடுத்தது கடலில் ஒளிரும் ஒரு பாக்டீரியா. ஹவாய் தீவுப் பக்கம் ஒரு குட்டிக் கணவாயின் உடம்புக்குள் நெருக்கியடித்துக் குடியிருக்கும்போது ஒளிரும், திறந்த கடலில் சிதறிக் கிடக்கும்போது ஒளிராது. 1994இல் இந்த வித்தைக்கு 'கோரம் சென்சிங்' என்று பெயர் வைத்தார்கள். சங்கக் கூட்டத்தில் 'கோரம் இல்லை' என்று ஒத்திவைப்பார்களே, அதே கோரம்தான்.

பூண்டுக்கு வருவோம். நசுக்கினால் அல்லிசின் உண்டாகும், அது எண்ணெயில் ஊறும்போது மாறி அஜோயீன் ஆகும் (ஸ்பானிஷில் பூண்டுக்கு 'ஆஹோ' என்று பெயர், அதிலிருந்து வந்தது). தீக்காயத்திலும் நுரையீரலிலும் குடியேறிப் பாடாய்ப் படுத்தும் சூடோமோனாஸ் என்ற கிருமியின் இந்தப் பேச்சை அஜோயீன் அடக்குகிறது என்று டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2012இல் எழுதினார்கள்.

கேள்வி: மாமனாருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். பூண்டை அரைத்துக் கட்டலாமா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: வேண்டவே வேண்டாம். பச்சைப் பூண்டு தோலைப் பொசுக்கிவிடும், சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சி மரத்திருந்தால் பொசுங்குவதுகூட அவருக்குத் தெரியாது. மாத்திரையாக வாங்கித் தரலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் அது வேறு வம்பு. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

வாய்வழியாகக் கொடுத்தும் பார்த்தாகிவிட்டது. பிரிட்டனில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ள 26 பேரில் ஒரு பாதிக்குப் பூண்டு எண்ணெய் மாத்திரையும், மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் எட்டு வாரம் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வெளியானது, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. சின்னச் சோதனைதான், அதை வைத்துப் பூண்டே வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடித் தட்டில் கிருமியின் மேல் நேரடியாக ஊற்றுவது வேறு, விழுங்கியது வயிறு, குடல், கல்லீரல் தாண்டி நுரையீரல் போய்ச் சேருவது வேறு.

கேள்வி: கிருமியைக் கொல்லாத மருந்து எதற்கு?
- ஆசிரியர், சிவகங்கை

பதில்: ஆன்டிபயாடிக் கொல்லும்போது அதற்கு அசராத ஒன்றிரண்டு தப்பித்து, அதுகளின் வாரிசுகளே ஊரை நிரப்பிவிடும். பேச்சை மட்டும் நிறுத்தினால் கிருமி உயிரோடு கிடக்கும், பிழைக்க வேண்டிய நெருக்கடி குறைவு, எதிர்ப்பும் மெதுவாக வரும் என்பது கணக்கு. மெதுவாக என்றுதான் சொல்கிறேன், வராது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தார் 2017இல் பிரேசில் மிளகு மரத்தின் பழத்தை எடுத்துக்கொண்டார்கள். அமேசான் வைத்தியர்கள் புண்ணுக்குப் போட்டது, ஃப்ளோரிடாவிலோ அது ஒழிக்க முடியாத களை. ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியை எலியின் தோலில் செலுத்தி, கூடவே இந்தச் சாற்றையும் கொடுத்தபோது புண் பெரிதாகவில்லை. ஆனால் எலிதான், மனிதர் இல்லை.

கேள்வி: நம்ம ஊரில் யாராவது செய்கிறார்களா?
- அதே ஆசிரியர்

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில், சீரகத்தையும் மஞ்சளையும் வைத்துச் செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி சோதனைகளுக்கென்றே கூட்டம் சேர்ந்தால் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும் ஒரு பாக்டீரியா உண்டு. மூலிகைச் சாறு விட்ட இடத்தில் அது வளர்ந்திருக்க வேண்டும், நிறம் மட்டும் வெளுத்திருக்க வேண்டும். வளரவே இல்லை என்றால் அது சாதாரண கொல்லி, இந்தக் கணக்கில் சேராது.