கோபத்தை ஜெபத்தில் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு 39 வயது. சத்துவாச்சாரியில் இருக்கிறோம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் பெங்களூரில். சனிக்கிழமை ராத்திரி காட்பாடியில் இறங்கி, ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். மாமியார் பக்கவாதம் வந்து 14 மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். பேச்சும் போய்விட்டது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார், மற்றதெல்லாம் நான்தான். மகள் பத்தாம் வகுப்பு. கம்பெனியில் டார்கெட், வீட்டில் இது. எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. போன வாரம் அத்தை கஞ்சியைத் துப்பியதும் டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். முழங்காலில் நின்றால் ஜெபம் வருவதில்லை. சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சொன்னேன். "விசுவாசம் குறைஞ்சா இப்படித்தான், ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே இருங்க" என்றார்கள். போன மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்காமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சில ராத்திரி, தூங்கினால் அப்படியே எழுந்திருக்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. நான் நல்ல கிறிஸ்தவள் இல்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எழுந்திருக்காமல் இருந்தால் தேவலை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். இந்த வரியைக் காதில் வாங்காமல் போகக்கூடாது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

எலியா தீர்க்கதரிசியும் இதையே சொன்னார். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் வந்து விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கினார். அதற்கும் திட்டு விழவில்லை. இரண்டாம் தடவை எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். கடவுள் அவரோடு பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. எனக்குத் தெரியும். படுக்கைப்புண் வரக்கூடாதென்றால் இரண்டு மணிக்கொரு தடவை அத்தையைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மூன்று ஷிஃப்டுக்கு ஆள் மாறி மாறிச் செய்கிற வேலை அது. நீங்கள் ஒருத்தியாக 14 மாதம் செய்துவிட்டு, காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள். இதில் விசுவாசம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. தூக்கம்தான் குறைந்திருக்கிறது.

அந்த நினைப்பு மறுபடி வந்தால், ராத்திரி எந்நேரமானாலும் 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழில் பேசலாம். அடிக்கடி வந்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். உங்கள் வேலூரிலேயே பாகாயத்தில் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மனநல மையம் இருக்கிறது. "சபைக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்று தோன்றும். பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதால் பவுலின் விசுவாசம் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன். ஜெபம் வரவில்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ நல்ல வார்த்தை வரவில்லை என்றுதான் படுகிறது. என் கதை ஒன்று சொல்கிறேன். ராணிப்பேட்டையில் எங்கள் அப்பா கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். வார்டில் பொறுமைசாலி என்று பேர் வாங்கிய நான், வீட்டில் அவரிடம் எரிந்து எரிந்து விழுவேன். ராத்திரி ஜெபத்தில் மட்டும், "கிருபையுள்ள பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம்" என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழில் தொடங்கிவிடுவேன். ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்குக் கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் மூத்திரத் துணியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து தானாக வந்தது: "ஆண்டவரே, எனக்கு வெறுப்பா இருக்கு. அப்பா மேலயும் வெறுப்பா இருக்கு, உம்மேலயும் வெறுப்பா இருக்கு." சொன்ன பிறகு பயந்துவிட்டேன். இடி ஒன்றும் விழவில்லை. துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்து படுத்தேன். அந்த எட்டு மாதத்தில் நான் பண்ணிய முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மறுநாளே கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அதை ஒளித்து வைக்கிற வேலை போயிற்று. அதுவே பாதி பாரம்.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். கடைசி வரி வரைக்கும் ஒரு ஆறுதலும் கிடையாது, இருட்டிலேயே முடிகிறது. (எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இத்தனை வருஷத்தில் இதை யாரும் வாசிக்கச் சொன்னதில்லை. 23ஐ வாசித்து வாசித்துத் தாள் கிழிந்துவிட்டது.) பிள்ளையில்லாத அன்னாள் சந்நிதியில் அழுதபோது ஆசாரியரான ஏலி என்ன நினைத்தார்? குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். உங்களுக்கு ஐக்கியத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று அவரிடமே சொன்னாள்.

அதற்காக டம்ளரை எறிந்தது சரி என்று சொல்லமாட்டேன். "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று எபேசியரில் இருக்கிறது. கோபம் வரும் என்று தெரிந்தே எழுதிய வாக்கியம் அது. அத்தைக்குப் பேச்சு போயிருக்கலாம், காது போகவில்லை. நீங்கள் கத்துவதெல்லாம் அவருக்குக் கேட்கும். அவர் துப்புவதும் உங்கள்மேல் உள்ள கோபத்தால் இருக்காது. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதே சிரமமாகிவிடும். நிமிர்த்தி உட்காரவைத்து, கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக்கி, சின்ன ஸ்பூனில் கொடுங்கள். டாக்டரிடமும் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இருமல் வந்தால் கொடுப்பதை உடனே நிறுத்திவிட வேண்டும். மகளிடம், "அன்னிக்கு அம்மா பண்ணது தப்பு, களைச்சுப் போயிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அத்தையிடமும் சொல்லுங்கள். பதில் வராது, பரவாயில்லை.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான விஷயம். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் மோசே உங்கள் மாதிரியே வெடிக்கிறார். இந்த ஜனங்களையெல்லாம் நானா பெற்றேன், என்னால் ஒருவனாய்த் தாங்க முடியாது, இதற்கு என்னைக் கொன்றுபோடும் என்கிறார். கர்த்தர் அவருக்கு இன்னும் அதிகப் பொறுமையைத் தருகிறேன் என்று சொல்லவில்லை. மூப்பர்களில் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா, பாரத்தை அவர்களும் சுமக்கட்டும் என்றார். ஜெபத்துக்குப் பதில் ஆட்களாக வந்தது.

உங்களுக்கு 70 பேர் வேண்டாம். நாலு பேர் போதும். முதல் ஆள் உங்கள் கணவர். சனிக்கிழமை மட்டும் சிரித்த முகமாக இருந்து அனுப்பிவைக்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். "என்னங்க, என்னால முடியலை" என்று சொல்லுங்கள். சனிக்கிழமை ராத்திரி அத்தையைத் திருப்பிப் போடுவது அவர் வேலை. அவருடைய அம்மாதானே! அப்புறம் நாத்தனார், கொழுந்தனார் யாராவது இருந்தால் மாதத்தில் இரண்டு நாள் கேளுங்கள். பக்கத்திலிருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அத்தையின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021இலிருந்து நடக்கிற திட்டம். பிசியோதெரபி செய்கிறவர் வீட்டுக்கே வருவார். படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸும் வருவார்.

பெண்கள் ஐக்கியத்தில் இனிமேல் ஜெபக்குறிப்பு மட்டும் கொடுக்காதீர்கள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் அத்தை பக்கத்துல யாராவது உட்கார முடியுமா? நான் தூங்கணும்" என்று கேளுங்கள். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களைப் பற்றி யாக்கோபு என்ன எழுதினார் என்று அவர்களுக்கும் தெரியும். கேட்டால் ஒருத்தராவது வருவார். உங்களிடம் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்ன அதே அக்காவாகக்கூட இருக்கலாம்.

திருவிருந்து விஷயத்தை உங்கள் ஆயரிடம் ஒருமுறை நேரில் பேசுங்கள். இதே கடிதத்தை அவரிடம் காட்டினாலும் போதும். கெத்செமனேயில் இயேசுவே, தம் ஆத்துமா மிகுந்த துக்கத்தில் இருக்கிறது, என்னோடு விழித்திருங்கள் என்று மூன்று பேரைக் கேட்டார். அந்த மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். அதற்கு முன் அதே ராத்திரியில் அவர்களுக்கும் தம் கையால் அப்பம் கொடுத்திருந்தார். நீங்கள் பின்வரிசையில் உட்கார ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி அத்தையைத் திருப்பிப் போடும்போது 13ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அதற்குமேல் வரவில்லையென்றால் அத்தோடு நிறுத்திக்கொண்டு படுத்துவிடுங்கள். வரும் சனிக்கிழமை கணவர் சாப்பிட்டு முடித்ததும் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.