மென்பொருள் அப்டேட்டால் மின்சாரக் காரின் சார்ஜிங் வேகமும் திறனும் உண்மையிலேயே மாறுமா?

அண்மையில் ஓர் அப்டேட் வந்த பிறகு உங்கள் மின்சாரக் கார் ஃபாஸ்ட் சார்ஜரில் முன்பைவிட மெதுவாகச் சார்ஜ் ஏறுவதாகவும், நண்பர் ஒருவரின் காருக்கோ அப்டேட்டுக்குப் பின் இழுவை கூடியதாகவும் எழுதி, வெறும் மென்பொருளால் இப்படி நடக்குமா, அடுத்த அப்டேட்டைப் போடாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும்; கூடவும் செய்யும், குறையவும் செய்யும். ஆனால் போடாமல் விடுவது சரியான வழியென்று நான் நினைக்கவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பேட்டரிக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகலாம், அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஒவ்வொரு கணமும் தீர்மானிப்பது பேட்டரி மேலாண்மை அமைப்பு எனப்படும் கணினிதான். செல்களின் வெப்பநிலை, மின்னழுத்தம், அப்போதைய சார்ஜ் சதவீதம், பேட்டரியின் தேய்மானம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து, இந்த நொடியில் இத்தனை ஆம்பியர் வரை தரலாம் என்று அது சார்ஜரிடம் கேட்கிறது. சார்ஜர் அதற்கு மேல் கொடுப்பதில்லை. குடம் நிறையும் தறுவாயில் குழாயைத் திருகிக் குறைப்பதுபோல், சதவீதம் ஏற ஏறக் கேட்கும் அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறது. இந்த வரம்புகள் எல்லாம் மென்பொருளுக்குள் அட்டவணையாக இருக்கும் எண்கள். எண் மாறினால் காரின் நடத்தையும் மாறிவிடும்.

செல்லின் வேதியியலை மட்டும் எந்த அப்டேட்டாலும் மாற்ற முடியாது. நிக்கல் கலந்த லித்தியம் அயனி செல்லை ஏறத்தாழ 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் அது கெடும். செல் குளிர்ந்திருக்கும்போது அதிக மின்னோட்டத்தைத் திணித்தால், லித்தியம், ஆனோடு எனப்படும் எதிர்மின்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அது கொள்ளளவைக் குறைக்கும், முற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் வழி செய்யும். இந்த எல்லைகளுக்குச் சற்று உள்ளேயே நின்றுகொள்ளும்படிதான் நிறுவனங்கள் காரை விற்கின்றன. எல்லைக்கும் அவர்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள அந்தக் கையிருப்பைத்தான் அப்டேட் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. உங்கள் காருக்கு நடந்ததும் நண்பரின் காருக்கு நடந்ததும் இந்த வகையில் ஒன்றே.

கூடியதற்குச் சான்றுகள் ஏராளம். டெஸ்லா 2019 நவம்பரில் மாடல் 3 காருக்குச் சுமார் 5 சதவீதமும், மாடல் எஸ், எக்ஸ் கார்களுக்குச் சுமார் 3 சதவீதமும் கூடுதல் திறனை அப்டேட்டில் இலவசமாகக் கொடுத்தது. அடுத்த மாதமே இரட்டை மோட்டார் மாடல் 3 வைத்திருப்பவர்கள் 2,000 டாலர் கட்டினால், மணிக்கு 60 மைல் வேகத்தை 4.4 வினாடிக்குப் பதில் 3.9 வினாடியில் எட்டலாம் என்று விற்பனைக்கே வைத்தது. காரில் ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தின் உச்சவரம்பு உயர்ந்தது, அவ்வளவுதான். பிரேக்குக்கும் இது பொருந்தும் என்பதை 2018 மே மாதம் காட்டியது. பொருள்களைச் சோதித்து மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் சோதனையில் மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொண்ட மாடல் 3, அப்டேட்டுக்குப் பிறகு 133 அடியில் நின்றது.

ஜாகுவார் ஐ-பேஸ் இன்னும் தெளிவான உதாரணம். 2019 டிசம்பரில் அந்த நிறுவனம் தந்த அப்டேட், நடைமுறை ஓட்டத்தில் 20 கிலோமீட்டர் வரை கூட்டியது. ஐ-பேஸ் கார்களுக்கென்றே நடந்த பந்தயத் தொடரில் கற்றதை வைத்து, பேட்டரியை முன்பைவிடத் தாழ்ந்த மட்டம்வரை பயன்படுத்தலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். கொள்ளளவு பிறக்கவில்லை, பூட்டி வைத்ததில் ஒரு பங்கைத் திறந்தார்கள். இந்தியாவில் டாடா நிறுவனமும் நெக்ஸான் ஈவி மேக்ஸின் சான்றளிக்கப்பட்ட ரேஞ்சை (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரத்தை) 437 கிலோமீட்டரிலிருந்து 453 கிலோமீட்டராக 2023-இல் உயர்த்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அதை மென்பொருள் வழியாகவே கொடுத்தது.

சார்ஜிங்கைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பயன்பட்ட மாற்றம் பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி. நான் டொராண்டோவில் மின்சாரக் கார் ஓட்டுகிறேன். இங்கே ஜனவரியில் இரவெல்லாம் வெளியில் நின்ற காரை நேராகக் கொண்டுபோய் ஃபாஸ்ட் சார்ஜரில் சொருகினால், திரையில் சார்ஜ் ஏறும் வேகத்தைக் காட்டும் கிலோவாட் எண் முப்பதுகளில் நின்றுகொண்டு நகர மறுக்கும். வண்டிக்குள் மெல்லிய இரைச்சல் கேட்கும். அது பேட்டரியைச் சூடாக்கும் குளிர்திரவம் ஓடும் ஓசை. சிறிது நேரம் கழித்துத்தான் எண் மெல்ல ஏறத் தொடங்கும். சார்ஜ் நிலையத்தை வழிகாட்டியில் சேருமிடமாகக் குறித்துவிட்டுக் கிளம்பினாலோ, கார் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டு வந்து, சொருகியதும் நூறைத் தாண்டிய எண்ணில் தொடங்குகிறது. டெஸ்லா இதை 2019 மார்ச்சில் அப்டேட்டாகக் கொடுத்தபோது, சார்ஜ் நேரம் சராசரியாக 25 சதவீதம் குறையும் என்று சொன்னது. மாடல் 3-இல் பேட்டரிக்கெனத் தனி ஹீட்டர் கிடையாது; மோட்டாரின் சுருள்களையே வேண்டுமென்று சூடேற்றி, அந்த வெப்பத்தைப் பேட்டரிக்குக் கடத்துகிறார்கள். இருக்கும் உதிரிபாகத்துக்குப் புதிய வேலை கொடுக்கும் இந்த வகை அப்டேட்தான் என் பார்வையில் உண்மையான முன்னேற்றம்.

இனி உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். 2019 வசந்தகாலத்தில் ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் நிறுத்தி வைத்திருந்த மாடல் எஸ் கார்கள் தீப்பிடித்த பிறகு, மிகுந்த எச்சரிக்கையின் பொருட்டு என்று சொல்லி டெஸ்லா மாடல் எஸ், எக்ஸ் கார்களின் சார்ஜிங், வெப்ப மேலாண்மை அமைப்புகளை அப்டேட்டில் மாற்றியது. பழைய கார்கள் சிலவற்றில் பேட்டரியின் உச்ச மின்னழுத்தம் குறைக்கப்பட்டது. உரிமையாளர்கள் காலையில் முழுச் சார்ஜில் பார்த்த மைல் கணக்கு திடீரென்று சரிந்தது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2021-இல் சமரசமானபோது, 1,743 கார்களுக்குத் தலா 625 டாலரும் வழக்கறிஞர் கட்டணமும் சேர்த்து நிறுவனம் 15 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. மூன்று மாதம்போல 10 சதவீதமும் அதன் பிறகு ஏழு மாதம் 7 சதவீதமும் மின்னழுத்தம் குறைக்கப்பட்டிருந்தது என்று அந்த வழக்கின் ஆவணங்கள் சொல்கின்றன. பாதுகாப்புக்காகக் குறைத்ததை நான் குறைகூற மாட்டேன். பணம் கொடுத்து வாங்கியவரிடம் எதை, எவ்வளவு, எத்தனை நாளுக்குக் குறைக்கிறோம் என்று சொல்லாமல் குறைத்ததுதான் தவறு.

சொல்லிவிட்டுக் குறைத்தவர்களும் உண்டு. செவ்ரலே போல்ட் கார்கள் தீப்பற்றியபோது, ஜெனரல் மோட்டார்ஸ் 2020 நவம்பரில் ரீகால் (குறையைச் சரிசெய்ய வாகனங்களைத் திரும்ப அழைப்பது) அறிவித்து, தற்காலிக ஏற்பாடாக 90 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி மென்பொருளால் தடுத்தது. கிழிந்த ஆனோடும், மின்முனைகளைப் பிரிக்கும் படலத்தில் விழுந்த மடிப்பும் ஒரே செல்லில் சேர்ந்துவிட்டால் தீப்பிடிக்கலாம் என்று பின்னர் தெரிந்தது. பேட்டரியையே மாற்ற வேண்டியதாயிற்று. ஹூண்டாய் கோனா விஷயத்தில் 2020-இல் கொரியாவில் பேட்டரி மேலாண்மை அப்டேட் கொடுத்தும், அந்த அப்டேட் பெற்ற கார் ஒன்று 2021 ஜனவரியில் டேகு நகரில் எரிந்தது. அடுத்த மாதம் உலகம் முழுவதும் சுமார் 82,000 வாகனங்களின் பேட்டரிகளை மாற்றப்போவதாக நிறுவனம் அறிவித்தது. செல்லுக்குள் இருக்கும் தயாரிப்புக் குறையை மென்பொருளால் கண்காணிக்கலாம், தள்ளிப்போடலாம், குணமாக்க முடியாது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையில் தெரியும் கிலோமீட்டர் குறைந்துவிட்டால் பேட்டரி குறைந்துவிட்டது என்று பொருளல்ல. அது ஒரு மதிப்பீடு. மதிப்பிடும் சூத்திரத்தை அப்டேட் திருத்தியிருக்கலாம். குறிப்பாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி உள்ள கார்களில், பெரும்பகுதிச் சார்ஜ் மட்டம் முழுவதும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், எத்தனை சதவீதம் மிச்சம் என்று கணிப்பது கணினிக்கே கடினம். அதனால்தான் அவ்வகைக் கார்களை வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம்வரை ஏற்றச் சொல்கிறார்கள். அப்டேட்டுக்குப் பின் எண் தடுமாறினால், அவ்வகைக் காரை முதலில் இப்படி முழுதாக ஏற்றிப் பாருங்கள்.

ஃபாஸ்ட் சார்ஜிங் மெதுவாகிவிட்டதாகத் தோன்றினால், பேட்டரியை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு 10 சதவீதத்துக்கு அருகில் நிலையத்தை அடைந்து, 20, 40, 60, 80 சதவீதங்களில் திரை காட்டும் கிலோவாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகில் இன்னொரு கார் சொருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். டெஸ்லாவின் இரண்டாம் தலைமுறை நிலையங்களில் இணைந்த இரண்டு முனைகள் 150 கிலோவாட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும், பிற நிலையங்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடு உண்டு. வேறொரு நிலையத்திலும் அதே வரிசையில் அதே எண்கள் வந்தால் குறை காரில்தான். அப்போது அந்த எண்களுடன் சர்வீஸ் மையத்துக்குப் போங்கள். "மெதுவாக ஏறுகிறது" என்று மட்டும் சொன்னால் குளிர்காலம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், எண்களைக் காட்டினால் காரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தாக வேண்டிய நிலை அவர்களுக்கு வரும்.

அடுத்த அப்டேட்டைத் தவிர்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ரீகால் சம்பந்தப்பட்டது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டின் கீழ் நிறுத்தும் காராக இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. மற்ற அப்டேட்டுகளுக்கு ஓரிரு வாரம் பொறுத்து, அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடலாம், ஏனெனில் பெரும்பாலான கார்களில் பழைய பதிப்புக்கு நாமாகத் திரும்ப வழியில்லை. போடுவதற்கு முன் மேலே சொன்ன நான்கு எண்களையும், முழுச் சார்ஜில் காட்டும் ரேஞ்சையும், அன்றைய வெப்பநிலையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றக் குறிப்பில் "பேட்டரி மேம்பாடுகள்" என்று மட்டும் எழுதியிருந்தால், சார்ஜிங் வரம்பு மாறுகிறதா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பின்னாளில் முறையிட நேர்ந்தால் அந்தப் படங்களோடு நிறுவனம் தரும் பதிலும் உங்களுக்குச் சான்றாக இருக்கும்.