சூரிய நமஸ்காரத்தில் மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது?

மதுரை அண்ணா நகரில் மொட்டை மாடியில் சூரிய நமஸ்காரம் செய்வதாகவும், மூன்றாவது சுற்றிலேயே இரைக்கிறது, எதற்கு இழுப்பது, எதற்கு விடுவது என்றே குழம்புகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

12 நிலைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மார்பு விரிந்தால் மூச்சு உள்ளே. வயிறு மடிந்தால் வெளியே. நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு குனிந்தால், நுரையீரலுக்கு அடியில் இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கி நிற்கும், அதை மடங்கும் வயிறு மேலே நெட்டித் தள்ளும். முகத்தில் ரத்தம் ஏறும், தலை கனக்கும். விட்டுக்கொண்டே குனிந்தால் வயிறு தானாக உள்வாங்கி இடம் கொடுக்கும்.

ஆனால் உங்கள் இரைப்புக்குக் காரணம் பெரும்பாலும் வேகம்தான். கை இரண்டே எண்ணிக்கையில் தலைக்கு மேலே போய்விடும். மூச்சு பாதிதான் வந்திருக்கும். மீதியை அவசரமாக இழுத்து, அப்படியே அடைத்துக்கொண்டு குனிவோம். பூங்காவில் கூட்டமாகச் செய்யும்போது ஒருவர் எண்ணும் வேகத்துக்கு எல்லாரும் ஓடுவதாலும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு வாரம் கையை மட்டும் தூக்கி இறக்குங்கள். நேராக நின்று, மூக்கில் காற்று நுழைவது தெரிந்த பிறகு கையை எடுங்கள். 4 எண்ணிக்கையில் கை மேலே போகட்டும். கை நின்ற பிறகும் துளி மூச்சு உள்ளே போக வேண்டும். இறக்க 5 அல்லது 6 எண்ணிக்கை. ஒரு வேளைக்கு 10 தடவை போதும்.

பிறகு சிக்கலான இடம், நான்காவது நிலை முதல் ஏழாவது நிலை வரை. காலைப் பின்னால் நீட்டி மார்பைத் தூக்கும்போது இழுக்கிறோம். இரண்டு காலும் சேர்ந்து இடுப்பு உயரும்போது விடுகிறோம். அடுத்து பாதம், முழங்கால், உள்ளங்கை, மார்பு, மோவாய் தரையில் படும் ஆறாவது நிலைக்குப் புது மூச்சு கிடையாது. விட்டது விட்டபடியே இறங்கி, ஏழாவதான புஜங்காசனத்துக்கு, அதாவது பாம்பு படமெடுப்பதுபோல மார்பைத் தூக்கி எழும்போதுதான் இழுக்க வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு இது திணறும். ஐந்தாவதிலேயே கூடுதலாக ஒரு மூச்சு எடுத்து, விட்டுக்கொண்டே இறங்குங்கள், தப்பே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குவதுதான் தப்பு. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அவர்கள் எந்த நிலையிலும் மூச்சை அடக்கவே வேண்டாம்.

புஜங்காசனத்தில் கையால் உந்தி எழுந்தால் தோள் காதுவரை ஏறி மார்பு இறுகிவிடும், மூச்சுக்கு வழியிருக்காது. முழங்கையைக் கொஞ்சம் மடக்கியே வைத்து, முதுகின் பலத்தில் மார்பைத் தூக்குங்கள்.

இழுக்க 16, அடக்க 64, விட 32 என்று திருமூலர் சொல்லும் கணக்கு உட்கார்ந்து செய்யும் பிராணாயாமத்துக்கு உரியது. அதை ஆசனத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

சித்திரை, வைகாசியில் நம்மூர் மாடித் தளம் பகல் சூட்டை விடியும்வரை வைத்திருக்கும். உடம்பு சூடானால் மூச்சு குறுகும். ஆறு மணிக்கு முன்பே ஜமுக்காளம் விரித்துத் தொடங்குங்கள். இழுக்க 3, விட 4 என்று எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்தாலோ, விடும் மூச்சு இழுப்பதைவிடக் குறுகினாலோ, அந்தச் சுற்றோடு நிறுத்தி, மூச்சு சமமாகும்வரை சவாசனத்தில் படுங்கள்.