ரவுட்டர் ஓடும்போதே கார்டை உருவலாமா?

கேள்வி: ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தலைமை அலுவலகத்துக்கும் இன்னொரு யூனிட்டுக்கும் போகும் இரண்டு லீஸ்டு லைன்களும் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்புகள்) சிஸ்கோ 2911 ரவுட்டரில் உள்ள ஒரே சீரியல் கார்டில்தான் வருகின்றன. ஒரு வாரமாக அதில் ஒரு லைன் விட்டுவிட்டு வருகிறது. கார்டு போய்விட்டது, வேறு போட வேண்டும் என்கிறார் ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்த) இன்ஜினியர். “ரவுட்டரை நிறுத்த வேண்டாம் சார், ஹாட் ஸ்வாப்தான், உருவிட்டுச் செருகிடலாம்” என்கிறார். மூன்று ஷிப்டும் ஓடும் மில் என்பதால் எங்கள் மேனேஜருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. செய்யலாமா? கழற்றிய கார்டை அவரே எடுத்துக்கொள்வாராம். கொடுத்துவிடலாமா?

பதில்: இரண்டுமே கூடாது.

2911இன் கார்டு ஸ்லாட்டுகள் மின்சாரம் ஓடும்போது கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சுவிட்சை அணைத்து, மின்சார ஒயரையும் பிடுங்கிய பிறகுதான் கார்டில் கை வைக்க வேண்டும். ஓடும்போதே மாற்றுவதற்கென்று வடிவமைத்த பலகையில் எர்த் பின்கள் மற்ற பின்களைவிடச் சற்று நீளமாக இருக்கும். முதலில் எர்த் தொடும், அப்புறம் மின்சாரம், கடைசியில்தான் சிக்னல். அந்த ஏற்பாடு இல்லாத ஸ்லாட்டில் எந்தப் பின் முதலில் தொடும் என்பது கார்டு எந்தச் சாய்வில் உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது. பத்து முறை ஒன்றும் ஆகாமல் போகலாம். பதினோராவது முறை கார்டோடு சேர்ந்து மதர்போர்டும் போகும்.

உங்கள் இன்ஜினியர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நினைக்கவில்லை. வேறு எங்கோ பார்த்ததை இங்கே பொருத்துகிறார். இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பாதி விபத்துகள் இந்தக் குழப்பத்தில்தான் நடக்கின்றன. சிஸ்கோ 4331, 4321 போன்ற 4000 வரிசையில் கார்டின் பெயர் நிம். அதை ரவுட்டர் ஓடும்போதே மாற்றலாம், உண்மைதான். ஆனால் அங்கேயும் நினைத்தவுடன் உருவ முடியாது. முதலில் ‘ஹெச்டபிள்யூ-மாட்யூல் சப்ஸ்லாட் 0/1 ஸ்டாப்’ என்று அந்தந்த ஸ்லாட் எண்ணைப் போட்டுக் கட்டளை தர வேண்டும். கார்டின் முகப்பில் உள்ள விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் திருகைத் தளர்த்துவது. மாட்டுவதும் அதே வகைக் கார்டாக இருக்க வேண்டும். மாட்டியபின் அதே கட்டளையை ‘ஸ்டார்ட்’ என்று முடித்துக் கொடுக்க வேண்டும். இத்தனையும் செய்வதற்குப் பெயர்தான் ஹாட் ஸ்வாப். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது இழுப்பதற்குப் பெயர் வேறு. உங்களிடம் இருப்பது 4000 வரிசை இல்லை, அதனால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. ஃபைபர் மாட்டும் சின்ன எஸ்எஃப்பி குச்சிகளை ஓடும்போதே மாற்றலாம், அது வேறு சாமான்.

சரி, கார்டுதான் போனது என்று யார் முடிவு செய்தது? ஒரே கார்டில் இரண்டு போர்ட் இருக்கின்றன, அதில் ஒரு லைன்தான் தகராறு செய்கிறது. எனக்கு முதலில் சந்தேகம் கேபிள் மேல் வருகிறது. அந்தச் சீரியல் கேபிளின் ரவுட்டர் பக்க முனையில் 26 தொடர்புகள் நெருக்கமாக இருக்கும். யாராவது தலைகீழாகத் திணித்திருந்தால் உள்ளே நசுங்கியிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு போர்ட்டுக்கும் ‘ஷட்டவுன்’ கொடுத்துவிட்டு, கேபிள்களை இடம் மாற்றிச் செருகுங்கள். இரண்டின் ஐபி விவரங்களையும் அதேபோல் மாற்றிப் போட்டு, ‘நோ ஷட்டவுன்’ கொடுத்து ஒரு நாள் விடுங்கள். குறை கேபிளோடு சேர்ந்து இடம் மாறினால் கார்டு நல்ல கார்டு. கேபிளோ, மோடமோ, லைன் கொடுத்தவரோதான் காரணம். குறை அதே போர்ட்டில் நின்றால் கார்டை மாற்றுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை.

கார்டு வாங்குவதில் உள்ள வில்லங்கம் தனி. 2911 விற்பனை 2017 டிசம்பரில் நின்றுவிட்டது, நிறுவனத்தின் ஆதரவு 2022 டிசம்பரோடு முடிந்துவிட்டது. “புதுசு சார், சீல் பாக்ஸ்” என்று இன்றைக்கு ஒருவர் கொண்டுவந்தால், அந்த சீல் எப்போது, எங்கே ஒட்டப்பட்டது என்று யோசிக்க வேண்டும். பழைய கார்டு வாங்குவது தப்பே இல்லை. பழையதைப் புதிது என்று சொல்லி விற்பதும், போலியைத் தள்ளிவிடுவதும்தான் தப்பு. போலி என்பது கட்டுக்கதை அல்ல. 2008இல் அமெரிக்காவில் எஃப்பிஐ போலி சிஸ்கோ சாமான்களைப் பிடித்ததாக அறிவித்தபோது பிடிபட்டவற்றின் மதிப்பு 7 கோடி டாலருக்கு மேல். அங்கே ராணுவத்துக்கே போலி போய்ச் சேர்ந்தது, நமக்கு வராதா? அந்தக் காலத்தில் போலிக்குப் பேர்போனவையே உங்களிடம் இருப்பது போன்ற சின்ன ‘வான்’ (WAN, வெளியூர் லைன்) கார்டுகள்தான். செய்வது எளிது, சோதிப்பார் யாரும் இல்லை.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன் கார்டை மாட்டி, ‘ஷோ இன்வென்டரி’ என்று அடித்துப் பாருங்கள். அதில் வரும் மாடல் பெயரும் சீரியல் எண்ணும், கார்டில் ஒட்டிய ஸ்டிக்கரும், பில்லில் எழுதியதும் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதை உங்கள் கொள்முதல் பிரிவுக்குப் புரியவைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மூன்று கொட்டேஷன், அதில் குறைந்தது எதுவோ அதற்கு ஆர்டர் என்றுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. போலிதான் எப்போதும் குறைந்த விலையில் வரும், எனவே நம் விதிமுறையே போலியைத் தேடிப் போய் வாங்கச் சொல்கிறது! நான் இதை எத்தனையோ மேலாளர்களிடம் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

இனி மாற்றும் வேலை. ரவுட்டரை அணைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் இதில் முக்கால் பங்கு. மூன்று வருடமாக அணைக்காமல் ஓடும் ரவுட்டரில் யாரோ ஒருவர் எப்போதோ செய்த மாற்றம் சேமிக்கப்படாமலே ஓடிக்கொண்டிருக்கும். அணைத்தால் அது போயிற்று. முதலில் சேமியுங்கள். பிறகு முழு கான்ஃபிகரேஷனையும் (ரவுட்டரின் அமைப்பு விவரங்களை) எடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ‘ஷோ வெர்ஷன்’ அடித்துக் கடைசி வரியைப் பாருங்கள். ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண் அங்கே இருக்கும், அது 0x2102 என்று இருக்க வேண்டும். 0x2142 என்று இருந்தால், முன்னே யாரோ பாஸ்வேர்டு மீட்டுவிட்டுத் திருப்பி வைக்க மறந்திருக்கிறார்கள். அந்த நிலையில் அணைத்து எழுப்பினால் ரவுட்டர் கான்ஃபிகரேஷனைப் படிக்காமல் வெறுமையாக எழுந்து நிற்கும். இரவு இரண்டு மணிக்கு அதைப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அணைத்தபின் லைன் கேபிள்களையும் கழற்றிவிடுங்கள், ரவுட்டர் அணைந்திருந்தாலும் வெளியிலிருந்து வரும் லைனில் மின்னழுத்தம் இருக்கலாம். எந்தக் கேபிள் எந்தப் போர்ட் என்று செல்போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

நிலை மின்சாரம் பற்றி உங்கள் மில்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. நூற்புப் பிரிவில் ஈரப்பதம் வைத்து ஓட்டுவதற்கு ஒரு காரணமே, காற்று காய்ந்தால் பஞ்சிழையில் நிலை மின்சாரம் ஏறி அது கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதுதானே! ரவுட்டர் இருக்கும் ஏசி அறையிலோ காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே உள்ள நிலை மின்சாரம் நம் விரலுக்குத் தெரியவே தெரியாது, சில்லுக்கு அதில் சில நூறு வோல்ட்டே அதிகம். உடம்பில் ஏறும் நிலை மின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். ஒயரே இல்லாத ஸ்ட்ராப் ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, அது வெறும் கைக்கயிறு, வாங்காதீர்கள். ஒயரின் கிளிப்பை ரவுட்டரின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். ஆனால் மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டதால் அதன் வழியாக வந்த எர்த்தும் போய்விட்டது என்பதை நினைவில் வையுங்கள். ரவுட்டரின் உடலிலேயே தனி எர்த் ஒயருக்கு இடம் இருக்கிறது. பல இடங்களில் அதை யாரும் இணைத்திருக்க மாட்டார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் இணைக்கச் சொல்லுங்கள்.

கார்டின் இரண்டு திருகுகளையும் முழுக்கத் தளர்த்தி, முகப்பின் ஓரங்களைப் பிடித்து நேராக இழுங்கள். ஆட்டி ஆட்டி இழுக்கக் கூடாது. புதிய கார்டை இரு பக்கத் தண்டவாளத்திலும் உட்கார்த்தி மெதுவாக உள்ளே தள்ளுங்கள். கடைசி ஒரு சென்டிமீட்டரில் கொஞ்சம் தடை தெரியும், கனெக்டர் கடிக்கிறது என்று அர்த்தம். முகப்பைச் சீராக அழுத்தினால் ‘டப்’பென்று உட்காரும். அதற்கு முன்பே தடை வந்தால் வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பலர் கார்டு பாதியில் நிற்கும்போதே திருகை முடுக்கி உள்ளே இழுக்கப் பார்ப்பார்கள். திருகு கார்டைப் பிடித்து நிறுத்துவதற்கு, இழுப்பதற்கு அல்ல. கைக்கு இறுக்கமாக, இரண்டையும் மாறி மாறி முடுக்குங்கள். அதே ஸ்லாட்டில்தான் மாட்ட வேண்டும். ஸ்லாட் மாறினால் போர்ட்டின் எண் மாறும், பழைய கான்ஃபிகரேஷன் அதற்குப் பொருந்தாது.

இப்போது நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் கார்டு சரியாக உட்காராமலே ரவுட்டரை எழுப்பிவிட்டார்கள். ரவுட்டருக்குக் கார்டு தெரியவில்லை, அதனால் அந்தப் போர்ட்டுகளின் வரிகளை ஏற்காமல் விட்டுவிட்டது. வந்தவர் பழக்கதோஷத்தில் முதல் வேலையாகச் சேமித்தார். அந்த நொடியில் அந்த வரிகள் நிரந்தரமாகப் போயின. பிரதி யாரிடமும் இல்லை. கார்டை ஒழுங்காக அழுத்தி மாட்டியபின்னும் மறுநாள் மதியம் வரை லைன் வரவில்லை. எனவே எழுந்ததும் சேமிக்காதீர்கள், உங்கள் இன்ஜினியரையும் சேமிக்க விடாதீர்கள். கார்டு தெரிகிறதா, இரண்டு லைனும் ‘அப்’ என்று காட்டுகிறதா, பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, எல்லாம் சரி என்று ஆனபின் சேமித்தால் போதும்.

ஆக மொத்தம் ரவுட்டர் நிற்பது அரை மணி நேரம். ரவுட்டர் நின்றால் ஸ்பின்டில் நிற்காது என்று மேனேஜரிடம் சொல்லுங்கள். தலைமை அலுவலகம் தூங்கும் நேரத்தில் செய்தால் யாருக்கும் தெரியவே போவதில்லை. ஆயுத பூஜை வரை காத்திருக்க வேண்டாம்.

கழற்றிய கார்டை இன்ஜினியரிடம் கொடுக்க வேண்டாம். அது உங்கள் நிறுவனத்தின் சொத்து. தவிர, ‘போய்விட்டது’ என்று எடுத்துப்போகும் கார்டு இன்னொரு மில்லில் ‘புதுசு’ என்று ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். சீரியல் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, புதிய கார்டு வந்த ஆன்டி-ஸ்டாடிக் கவரிலேயே பழையதைப் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.