ஆச்சி சொன்னதும் அல்வாவும்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. உயரம் 150 செ.மீ., எடை 58 கிலோ. பின்கழுத்து கறுத்திருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. ‘வளர்கிற பிள்ளை, தானாக வற்றிவிடும்’ என்கிறார் ஆச்சி. அல்வா, மிக்சரை நிறுத்திவிட்டேன். தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டுமா?
ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: தைராய்டு குறைவால் எடை கூடும் பிள்ளை பெரும்பாலும் உயரத்தில் பின்தங்கிவிடும். உங்கள் மகன் வயதுக்கேற்ற உயரம் இருக்கிறான். என் சந்தேகம் அந்தப் பக்கம் போகவில்லை. அவனுடைய பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 25.8. பெரியவர்களுக்கான உலக அளவுகோலில் இது கூடுதல் எடை, அவ்வளவுதான். 12 வயதுப் பையனுக்கோ இது உடல் பருமன்.

கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல. தேய்ப்பதை நிறுத்துங்கள், தோல்தான் புண்ணாகும். ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது உடல் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி தோலைத் தடிக்கவைத்துக் கறுப்பாக்குகிறது. எனவே ஆச்சி சொல்வதுபோல் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இரவில் குறட்டை விட்டால் அதையும் சொல்லுங்கள்.

அல்வாவை நிறுத்தியது சரிதான். ஆனால் அவனுடைய மாலைப் பொழுதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு எடை ஏறுவது அங்கேதான். வேனை விட்டு இறங்கியதும் சிப்ஸ், கோலா, உடனே டியூஷன், ஒன்பது மணிக்குச் சால்னா ஊற்றிய பரோட்டா மூன்று, படுக்கையில் செல்போன், பதினொன்றரைக்குத் தூக்கம். 250 மில்லி கோலாவில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டிக்கு மேல். அதைக் குடித்ததற்காக எந்தப் பிள்ளையும் ஒரு பரோட்டாவைக் குறைப்பதில்லை. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் கூடும். இந்த வயதில் 9 மணி நேரமாவது தூங்க வேண்டும்.

‘அப்படியானால் கருப்பட்டிக் காபி?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

பள்ளி விட்டு வந்ததும் அவித்த கடலையோ சுண்டலோ கொடுங்கள். தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு. பிறகு மூச்சு வாங்க ஒரு மணி நேர விளையாட்டு. உலக சுகாதார நிறுவனம் தினமும் 60 நிமிடம் என்கிறது. வ.உ.சி. மைதானமோ தெருவோ, எதுவானாலும் சரி. டியூஷன் அதற்குப் பிறகுதான். நேரம் போதவில்லை என்றால் டியூஷனைத்தான் குறைக்கச் சொல்வேன்.

பட்டினி போட வேண்டாம். எடை 58 கிலோவிலேயே நின்று உயரம் 8 செ.மீ. கூடினால் பி.எம்.ஐ. 23.2க்கு இறங்கிவிடும். மாதம் ஒரு முறை அளந்து குறித்துவையுங்கள். கழுத்துக் கறுப்பு மங்க மாதக்கணக்கில் ஆகும். அவனுக்கு மட்டும் தனிச் சமையல் வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் கோலா பாட்டில் இருக்கக் கூடாது, அப்பாவுக்கென்று வாங்கி வைத்ததும்தான்.