திரை இருந்தால் டேப்லெட் ஆகிவிடுமா?

கேள்வி: மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் தம்பி, பிள்ளைகளுக்காக ஒரு பழைய நின்டெண்டோ ‘வீ யூ’ விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தான். அதனுடன் திரை வைத்த பெரிய கன்ட்ரோலர் ஒன்றும் இருக்கிறது. விக்டர்ஸ் சேனலின் பாட வீடியோக்களை மாடியில் அமர்ந்து அதிலேயே பார்க்கலாம், தனியாக டேப்லெட் வேண்டாம் என்கிறான் மகன். ஆனால் மாடிக்கு எடுத்துச் சென்றால் படம் நின்றுவிடுகிறது. மெல்லத் தொட்டால் திரை வேலை செய்வதில்லை. இது பழுதா?
– வாசகி ஒருவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்கிற இரண்டும் பழுதின் அடையாளமாகத் தெரியவில்லை, அந்தக் கருவியின் இயல்பே அதுதான்.

டேப்லெட் என்பது பிராசசர், நினைவகம், இயங்குதளம் எல்லாம் தனக்குள்ளேயே கொண்ட முழுக் கணினி. 2012 நவம்பரில் ‘வீ யூ’வுடன் வெளிவந்த, ‘கேம்பேடு’ எனப்படும் இந்தத் திரைக் கன்ட்ரோலரோ விளையாட்டு எதையும் தானே இயக்குவதில்லை. கீழே இருக்கும் கன்சோல், அதாவது விளையாட்டுப் பெட்டிதான் படத்தை உருவாக்கிச் சுருக்கி, உங்கள் வீட்டு வைஃபை வழியாக அல்லாமல் தன் சொந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நேரடியாக அனுப்புகிறது. கேம்பேடு அதைக் காட்டுவதோடு, நீங்கள் அழுத்திய பொத்தானையும் தொட்ட இடத்தையும் திருப்பி அனுப்புகிறது. செட்டாப் பாக்ஸைக் கூடத்தில் வைத்துவிட்டு, டிவியை மட்டும் வேறு அறைக்குத் தூக்கிச் சென்றதைப் போன்ற நிலைதான் இது. தடையில்லாத இடத்திலேயே அதன் எல்லை ஏறத்தாழ 8 மீட்டர்; 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரையும் கான்கிரீட் தளத்தையும் கடக்கையில் வெகுவாக வலுவிழக்கும் என்பதால், மாடியில் படம் நிற்பதில் வியப்பில்லை. இணைய உலாவிகூட கன்சோலில்தான் ஓடுகிறது. கன்சோல் அணைந்திருக்கும்போது கேம்பேடு தனியே செய்யக்கூடிய உருப்படியான வேலை, டிவிக்கு ரிமோட்டாக இருப்பது ஒன்றே!

தொடுதிரையின் வகையும் வேறு. இன்றைய டேப்லெட்டுகளின் திரை விரலின் மின்தன்மையை உணர்வதால் லேசான தொடுதலே போதும்; ஒரே நேரத்தில் பல விரல்களையும் அறியும். கேம்பேடின் திரை அழுத்தத்தால் இயங்குவது. மேலடுக்கு அழுந்திக் கீழடுக்கைத் தொட்டால்தான் இடம் பதிவாகும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே புள்ளி. ஆகவே இரு விரலால் படத்தை விரிக்க முடியாது. பின்புறம் செருகியிருக்கும் ஸ்டைலஸாலோ நகத்தாலோ அழுத்திப் பாருங்கள், சரியாக வேலை செய்யும். படம் வரைவதற்கு இதுவே எனக்கு மேலாகத் தோன்றுகிறது. திரை 6.2 அங்குலம், 854×480 புள்ளிகள். அதே 2012-இல் வந்த ஐபேடின் திரையில் 2048×1536 புள்ளிகள் இருந்தன.

கன்சோல் முழுவதையுமே கைக்குள் அடக்கியது 2017-இல் வந்த நின்டெண்டோவின் ‘ஸ்விட்ச்’. மகன் நினைப்பதற்குச் சற்று நெருக்கமானது அதுதான், என்றாலும் அதுவும் விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதே.

பாடங்களுக்கு ஒரு சாதாரண டேப்லெட்டை வாங்கிக் கொடுங்கள். அதற்காகக் கேம்பேடை மட்டும் தனியே விற்றுவிட வேண்டாம்; அது இல்லாமல் கன்சோலின் அமைப்புகளை மாற்ற இயலாது. நின்டெண்டோவின் இணையக் கடையில் ‘வீ யூ’வுக்கான விற்பனை 2023 மார்ச்சில் நின்றுவிட்டதால், புதிய விளையாட்டு வேண்டுமென்றால் பழைய டிஸ்க்குகளைத்தான் தேட வேண்டியிருக்கும். இந்தப் பெட்டி பிராந்தியப் பூட்டு உடையது. எந்தப் பிராந்தியத்துக்கானது என்று பார்த்து, அதற்குரிய டிஸ்க்கையே தம்பியிடம் வாங்கிவரச் சொல்லுங்கள்.