மலேசிய நுகர்வோர் கேள்வி-பதில்: அலாவுதீன் கையில் வாள் எங்கே?

கேள்வி: ஈப்போவில் ஒரு கடையில் சூப்பர் நிண்டெண்டோ வீடியோ கேம் மெஷினுக்கான 'அலாவுதீன்' கேசட்டை 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். சின்ன வயதில் நான் விளையாடியதில் அலாவுதீன் வாள் வீசுவான். இதில் வெறும் ஆப்பிள் எறிகிறான். போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை தம்பி. 1993-இல் டிஸ்னியின் 'அலாவுதீன்' என்ற ஒரே படத்துக்கு இரண்டு கம்பெனிகள் தனித்தனியாக கேம் செய்தன. சேகா மெகா டிரைவ் என்ற போட்டி மெஷினுக்குச் செய்தது வெர்ஜின். டிஸ்னியின் ஓவியர்களே அதற்கு வரைந்தார்கள், வாளும் அதில்தான். சூப்பர் நிண்டெண்டோவுக்குச் செய்தது கேப்காம். எதிரியின் தலைமேல் குதி, ஆப்பிளை எறி, அவ்வளவுதான். இதில் கடைக்காரர் மேல் குற்றமில்லை. 120 வெள்ளியை எண்ணி வைக்குமுன் டிவியில் ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லியிருக்கலாமே? வாள்தான் வேண்டுமென்றால், 2019-இல் 'லயன் கிங்'குடன் சேர்த்து வந்த மறுபதிப்பைத் தேடுங்கள்.

கேள்வி: மகனுக்குப் பழைய 'லயன் கிங்' கேசட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது கட்டத்தைத் தாண்ட முடியாமல் அழுகிறான். கேசட் பழுதா? மாற்றிக் கேட்கலாமா?
- வாசகி, எல்பில் தோட்டம்

பதில்: பழுதில்லை அக்கா, அந்தக் கேமே அப்படித்தான். அமெரிக்காவில் அப்போது கேசட்டை வாடகைக்கு விடுவார்கள். எடுத்துப் போனவர்கள் வாடகை நாளுக்குள் முடித்துவிடக் கூடாது என்றுதான் கடினமாக்கினோம் என்று செய்தவர்களே பிற்பாடு சொன்னார்கள். குரங்கைப் பார்த்து கர்ஜித்தால் அது திரும்பி நிற்கும், சிங்கக்குட்டி சிம்பாவை வேறு பக்கம் எறியும். மகனிடம் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து சூப்பர் பாமிகாம் (சூப்பர் நிண்டெண்டோவின் ஜப்பானியப் பெயர்) மெஷின் தருவித்தேன். பிளக்கில் போட்டதும் புகை. விற்றவரிடம் பணம் திரும்பக் கேட்கலாமா?
- வாசகர், கோலகங்சார்

பதில்: அடாப்டரிலேயே 100 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230. யாரிடம் போய்க் கேட்பீர்கள்? புகை அடாப்டரிலிருந்து மட்டும்தான் வந்தது என்றால் மெஷின் பிழைத்திருக்கலாம். ரிப்பேர்காரரிடம் காட்டாமல் மறுபடி போட வேண்டாம்.

கேள்வி: இணையக் கடையில் 'சூப்பர் ஸ்டார் வார்ஸ்' கேசட் 180 வெள்ளி. விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கும் சேவ் பேட்டரி புதிதாகப் போட்டிருக்கிறது என்று மேலும் 45 வெள்ளி வாங்கினார்கள். சேவ் ஆகவே இல்லை. மூன்றாம் நாள் படமும் வரவில்லை. கேட்டால், விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்கிறார்கள். எனக்கு அது மூன்று நாள் சம்பளத்துக்கும் மேல்.
- தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் ரத்தம் கொதித்தது. 1992-இல் வந்த அந்தக் கேமில் சேவ் என்பதே கிடையாது. பேட்டரியே இல்லாத கேசட்டில் எந்தப் பேட்டரியை மாற்றினார்களாம்? அந்த 45 வெள்ளி பச்சை மோசடி.

அப்புறம் அந்த 'திருப்பி எடுப்பதில்லை' வாசகம். பெட்டிக்கடை முதல் பேரங்காடி வரை கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்கள், ஏதோ அரசாங்க உத்தரவு போல. நாமும் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறோம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு துண்டுக் காகிதம் பறிக்க முடியாது. மனம் மாறித் திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் மறுக்கலாம். பழுதான பொருளையோ, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்பதையோ காகிதத்தைக் காட்டி மூடி மறைக்க முடியாது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், வக்கீல் தேவையில்லை. எதிராளி வியாபாரமாக விற்பவராக இருக்க வேண்டும். தன் வீட்டு அலமாரியைக் காலி செய்த தனிமனிதர் என்றால் அங்கே செல்லாது. உங்கள் ஆள் கடையே வைத்திருக்கிறார், கவலை வேண்டாம். பேட்டரி பற்றி அவர் எழுதிய விளம்பரம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அவர் அழிப்பதற்கு முன் இன்றே படமெடுத்து வையுங்கள். கேசட் ஸ்குரூவுக்கான 3.8 மில்லிமீட்டர் ஸ்குரூடிரைவர் பிட் கிடைத்தால் கேசட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் நிண்டெண்டோ பெயர் இல்லாமல் கறுப்புத் தார்ச் சொட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் கேசட்டே போலி. அதையும் படமெடுங்கள்.

என் வீட்டிலும் அப்படிப் போலி ஒன்று கிடக்கிறது. அட்டையில் ரோபோகாப் துப்பாக்கியோடு நிற்கிறார், போட்டால் டாங்கி சண்டை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கியது. விற்றவர் அடுத்த வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் வெளியான 'பேட்மேன்' கேசட் வாங்கினேன். என் மைக்ரோ ஜீனியஸ் கேம் மெஷினில் நுழையவே மாட்டேன் என்கிறது.
- வாசகர், சலாக்

பதில்: அந்தக் கேசட்டின் அடியில் இருக்கும் இணைப்புப் பின்கள் 72, உங்கள் மெஷின் 60 பின். அழுத்தாதீர்கள், கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் போன மகன் விட்டுப்போன கேசட் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. பழைய பேப்பர் லாரிக்காரர் மொத்தமாக 10 வெள்ளி தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?
- ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: ஐயோ, கொடுக்காதீர்கள் அம்மா! முதலில் மகனுக்கு போன் போட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், கேசட்களின் பெயரை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். 60 பின்னில் 'பேட்மேன்' இருந்தால் நானே வாங்கிக்கொள்கிறேன். கட்டாயம் 10 வெள்ளிக்கு இல்லை.